மேல போயிட்டாரு

கிணுகிணுவென்று தட்டுகள் உரசும் அந்தச் சத்தம் வந்தால் என் கை நின்றுவிடும்.

இப்போது நான் குடியிருக்கும் ஊரில் அதற்குக் காரணம் லாரிதான். செங்கல் ஏற்றிக்கொண்டு தெருவில் ஒரு லாரி போகும். சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒரு நொடி பேசும், அடங்கும். அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயின் நடுவில் கத்தி நிற்கும். நான் வாசல் பக்கம் திரும்பியிருப்பேன். வாசலில் என்ன இருக்கிறது, எதிர்வீட்டு மதில், மதில்மேல் காயும் ஒரு பாவாடை. "லாரிம்மா" என்பாள் மகள், சிரித்துக்கொண்டே. லாரிதான், எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. உடம்பு இன்னும் கோரமண்டலில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே, அலுமினியத் தட்டுகள் அடுக்கிய பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் தட்டுகள் சும்மா நடுங்குவதில்லை. வீடுகளுக்குக் கீழே வெகு ஆழத்தில், தோண்டித் தோண்டிக் குடைந்து வைத்த பாறை ஒருநாள் பாரம் தாங்காமல் வெடித்து இறங்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். லைன் பேச்சில் வெறும் பிளாஸ்ட். சின்னதாக இருந்தால் குழாயடிச் சண்டைகூட நிற்காது. பெரியதாக இருந்தால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் வெளியே வருவார்கள். வந்து, சாஃப்ட் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். பூமிக்குள் ஆட்களை இறக்கும் அந்தக் குழியின் மேல் ஓர் இரும்புக் கோபுரம், கோபுரத்தின் உச்சியில் இரண்டு சக்கரங்கள். சக்கரம் சுழன்றால் ஆள் ஏற்றும் கூண்டு, அதாவது கேஜ், ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரம் நின்றிருந்தால், யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நான் எழுத வந்தது என் அண்ணியைப் பற்றி. அண்ணியைப் பற்றி எழுத வேண்டுமானால் லாஜிக் பற்றி எழுத வேண்டும். இரண்டும் எனக்கு ஒரே வருடத்தில் வந்தவை. ஒன்று உடனே பிடித்துப்போனது. மற்றதில் நான் ஃபெயிலானேன்.

அறுபதுகளின் கடைசி. பி.யு.சி. சேரும்போது, மார்க்கு குறைந்தவர்களையெல்லாம் வரலாறு, பொருளாதாரம், லாஜிக் என்று ஒரே மூட்டையாகக் கட்டிப்போட்டார்கள். புத்தகம் இங்கிலீஷில், விரிவுரையாளர் விளக்குவது கன்னடத்தில், என் மண்டை தமிழில். மூன்றும் சந்திக்கும் இடத்தில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஒரு வகுப்புத் தேர்வில் முரண்பாட்டு விதியை எழுதச் சொன்னார்கள். 'ஒரு பொருள் அதுவாகவும், அது அல்லாததாகவும் இருக்க முடியாது' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். அவர் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: ஒரே நேரத்தில், ஒரே பொருளில். நான்கு சொற்கள். இந்த நான்கு சொற்களுக்காகப் பாதி மார்க்கைப் பிடுங்குவதா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் புலம்பினேன். பிறகு பொதுத் தேர்விலும் லாஜிக் காலை வாரியது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம், அதிலும் போனால் படிப்புக்குக் கும்பிடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

அண்ணி வந்து அப்போது எட்டு மாதம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவளுடைய கேள்விகளை யாரும் நிறுத்தவில்லை. ரயிலைப் பற்றி, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலையாகக் குவிந்து கிடப்பதைப் பற்றி, சங்கு ஊதினால் மட்டும் ஏன் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் அரிசி களைகிறார்கள் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் கேட்பாள். பதில் சொன்னால் அந்தப் பதிலையும் கேட்பாள்.

காலையில் அண்ணன் டே ஷிப்டுக்குப் போன பிறகு, நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அண்ணி முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு எதிரில் உட்காருவாள்.

"இன்னாதான் போட்டுக்கீது அந்தப் பொஸ்தகத்துல? சத்தமா படி, நானும் கேக்கறேன்."

"எல்லா மனிதரும் இறப்பவர். அவர் ஒரு மனிதர். ஆகவே அவர் இறப்பவர்."

"யாரு அவரு?"

"கிரேக்க தேசத்து ஆளு அண்ணி. ரொம்பக் காலம் முந்தி."

"நேத்தும் அவருதான செத்தாரு?"

"ஆமா."

"முந்தாநேத்து?"

"அவரேதான்."

அண்ணி முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சுண்டினாள். "பாவம். அந்த மனுசன் இன்னா தப்பு பண்ணான்னு தெனம் காலைல தூக்கினு வந்து சாவடிக்கிறீங்க?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாத்தனாரம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. மைனுக்குப் போறவரு வூட்டுல, அவரு படி எறங்கன ஒடனே எல்லாரும் சாவாங்க, எல்லாரும் சாவாங்கன்னு ராகம் போட்டுப் படிக்காத. வேற எதனா வெச்சிப் படி."

"வேற இன்னாத்த வெக்கிறது அண்ணி?"

"தோ, உங்கண்ணன் டோக்கன வெச்சிக்க."

டோக்கன் என்பது எண் அடித்த பித்தளை வில்லை. சாஃப்ட் பக்கத்து அறையில் பலகை முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியின் தலையிலும் ஓர் எண். இறங்கும்போது ஆள் தன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் மேலே. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே. கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே அண்ணி இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணனுடைய எண்ணை மனப்பாடம் செய்துவிட்டிருந்தாள். வீட்டுக் கதவு எண்கூட அவளுக்கு அப்போது தெரியாது.

அப்படித்தான் கிரேக்கர் பிழைத்தார். மேலே வந்தவர் எல்லாரும் டோக்கன் மாட்டியவர். அண்ணன் மேலே வந்தவர். ஆகவே அண்ணன் டோக்கன் மாட்டியவர். இதைச் சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் மலரும். "அத்தயே இன்னொரு தபா சொல்லு" என்பாள், பாட்டுக் கேட்கிறவள் மாதிரி.

சிந்தனையின் மூன்று விதிகள் என்று புத்தகம் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தது. அண்ணி அவற்றுக்கு வைத்த பெயர்கள் இன்னும் எனக்கு அந்த இங்கிலீஷ் பெயர்களுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ஒருமை விதி என்றால், "அவரு நெம்பரு அவரு நெம்பருதான்." முரண்பாட்டு விதிக்கு, "ஒரே ஆளு மேலயும் கீறான் கீழயும் கீறான்னு சொல்லக் கூடாது." மூன்றாவது, நடுவில் எதுவும் கிடையாது என்று சொல்லும் விதி. அதை நான் சொன்னதும் அவள் முறத்தை நிறுத்தினாள்.

"மேல இல்லன்னா கீழ. நடுவுல ஒண்ணுமே கெடையாதா?"

"கெடையாது அண்ணி."

"அப்ப கேஜ்ல ஏறி வந்துகினு கீறவன்?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் கேஜ் இல்லை.

"அவரு இன்னும் மேல வரல. அதனால 'மேல இல்ல'."

"மேல இல்லன்னா கீழன்னு இப்பதான சொன்ன? கீழயும் இல்ல அவன். நடு வழில தொங்கிகினு கீறான், பாவம்."

அப்புறம்தான் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். இரண்டில் ஒன்று என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் 'மேலே', 'மேலே இல்லை' என்றுதான் பிரிக்க வேண்டும். 'மேலே', 'கீழே' என்று பிரித்தால் இடையில் இடம் விழும். எந்த ஒன்றுக்கும் எதிராக அதன் 'இல்லை'யை மட்டும் வை, வேறொன்றை வைக்காதே. படித்ததை அண்ணிக்குச் சொன்னேன். "அத்த மொதல்லயே ஒயுங்கா சொல்றதுக்கு இன்னா?" என்றாள். எனக்கு அது புரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் புரிந்துவிட்டது என்று நினைக்கும் வயது அது.

அந்தக் காலையும் அப்படித்தான் தொடங்கியது. அம்மாவும் அப்பாவும் ஒரு சீமந்தத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஏதோ ஒரு போலி வாதத்தின் பெயரை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தட்டுகள். கிணுகிணு. எப்போதும்போல அடங்கும் என்று நான் தலை தூக்கவில்லை. அது அடங்கவில்லை. பலகை முழுதும் குலுங்கியது. சுவரில் புத்தர் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே புன்னகைத்தது. கூரைத் தகரம் படபடத்து, அதன் இடுக்கிலிருந்து வருடக்கணக்கான தூசி கீரைமேல் விழுந்தது. பாதத்தின் வழியாக ஒரு முட்டு ஏறி வந்து முழங்காலில் நின்றது.

அண்ணிக்கு அது முதல் பெரிய பிளாஸ்ட். "இன்னாது?" என்றாள். நான் வெளியே போனேன். லைன் முழுதும் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். எல்லார் முகமும் ஒரே பக்கம். நானும் பார்த்தேன்.

சக்கரம் நின்றிருந்தது.

ஓடினோம். செருப்பில்லாமல், கதவைச் சாத்தாமல். அண்ணி கையில் ஒரு பிடிக் கீரையை அப்படியே வைத்திருந்தாள். அதைக் கீழே போட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. சாஃப்ட் வாசலில் கம்பிக் கதவை மூடிவிட்டிருந்தார்கள். வெளியே கூட்டம். கூட்டம் என்றால் சத்தம் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அத்தனை பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சக்கரம் மெல்லத் திரும்பியது. ஒரு பெண் "ஓடுது, ஓடுது" என்றாள். இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழன்றன. ஒரு கேஜ் ஏற, ஒன்று இறங்க. முதல் கேஜ் வந்து நின்று, பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். முகமெல்லாம் சாம்பல். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். அண்ணனுடைய கேங்கில் வேலை செய்பவர், எங்கள் எதிர் லைன் வீட்டுக்காரர். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பெண்களும் கம்பிவழியாக அவரையே கேட்டார்கள். அவர் சொம்பிலிருந்து வாயை எடுக்காமலே ஒவ்வொருவருக்கும் இரண்டு சொல், மூன்று சொல் பதில் சொன்னார்.

அண்ணி அண்ணன் பெயரைச் சொல்லமாட்டாள். நம்பரைச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊட்டுக்காரரா? அவரு மேல போயிட்டாரும்மா. அப்பவே மேல போயிட்டாரு."

அடுத்த நொடி வேறொரு பெண் அவரை இழுத்துக்கொண்டாள்.

நான் அண்ணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். "மேல போயிட்டாராம் அண்ணி! அப்பவே ஏறிட்டாராம்! வூட்டுக்குத்தான் போயிருப்பாரு, நம்ப குறுக்கு வழில வந்தோம்ல, பாக்காம உட்டுட்டோம்." நான் லைனில் பிறந்தவள். எங்களுக்கு 'மேல' என்பது தமிழிலேயே நல்ல சொல். மேல வந்துட்டாரு என்றால் உலை வை என்று அர்த்தம்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீரை மடியில் சிதறியது.

"மேல வந்துட்டாருன்னு சொல்லல" என்றாள், என்னைப் பார்க்காமல். "போயிட்டாருன்னு சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி."

"ஒண்ணு இல்ல. இந்த ஆளு மேலதான நிக்கறாரு. மேல நிக்கறவரு, மேல வந்தவர வந்துட்டாருன்னுதான சொல்லுவாரு? போயிட்டாருன்னா..." வானத்தைக் காட்டினாள். விரலை முழுதாக நீட்டக்கூட இல்லை. அவள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். எல்லா ஊரிலும் அதற்கு அதுதான் அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் மட்டும்தான் மேலே போவதைக் கேட்டுச் சந்தோஷப்படுவோம்.

அவளுக்கு நிரூபிக்க வேண்டும் என்று டோக்கன் அறை ஜன்னலுக்கு ஓடினேன். ஜன்னல்காரர் கன்னடம் கலந்து பேசுகிறவர். நம்பரைச் சொன்னதும் திரும்பிப் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணனுடைய ஆணி வெறுமையாக இருந்தது.

"இன்னும் பந்திலம்மா" என்றார், தாழ்ந்த குரலில். இன்னும் வரவில்லை.

மேலே வந்தவர் எல்லாரும் டோக்கன் மாட்டியவர். அண்ணன் டோக்கன் மாட்டவில்லை. ஆகவே அண்ணன் மேலே வரவில்லை. ஒரு வருடமாக எனக்கு வராத வாதம், ஒரு பிசகும் இல்லாமல், தானாக வந்து நின்றது. அதன் சுத்தத்தை நான் வெறுத்தேன். என் புத்தி அடுத்த படிக்குத் தானாகவே போனது: மேலே வரவில்லை, அந்த ஆளோ மேலே போய்விட்டார் என்கிறார், அப்படியானால் மிச்சம் இருப்பது அண்ணி சொன்ன 'மேலே'தான். இரண்டில் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை.

திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். அழ வேண்டியவள் அவள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முறத்தில் கல் தேடுகிற அதே பார்வை.

"டோக்கன் இல்லையா?"

தலையசைத்தேன்.

"அப்ப மேல இல்ல."

"ம்."

"மேல இல்ல, அவ்ளோதான. வேற ஒண்ணும் அந்த ஆணி சொல்லலயே."

எழுந்தாள். புடவையைத் தட்டவில்லை. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு கம்பிக் கதவுக்குப் போனாள். எட்டு மாதமாக எதிர் லைன்காரர் எதிரே வந்தால் தலை குனிந்து ஒதுங்குகிற பெண், கம்பிக்குள் கையை விட்டு அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே. மேல போயிட்டாருன்னு சொன்னீங்களே. நீங்க எங்கேந்து சொல்றீங்க?"

அவர் விழித்தார். "இன்னாம்மா?"

"இங்கேந்து சொல்றீங்களா, கீழேந்து சொல்றீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அண்ணியின் கையில் இருக்கும் தன் துண்டைப் பார்த்தார். பாறைக்குள்ளிருந்து அப்போதுதான் முழுதாக ஏறி வருகிறவர் மாதிரி இருந்தது.

"கீழேந்துதாம்மா" என்றார். "எங்க லெவல்லேந்து. முட்டுக் குடுக்க மரம் எடுத்துனு வர மேல் லெவலுக்குப் போயிட்டாரு. ஷிப்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே போயிட்டாரு."

பூமிக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தளங்களுக்கு லெவல் என்று பெயர். அந்த ஆழத்தில் இருப்பவனுக்கு அடுத்த லெவலும் மேலேதான். வெயில் வரைக்கும் போக வேண்டியதில்லை, வானம் வரைக்கும் போக வேண்டியதில்லை.

அண்ணி துண்டை விடவில்லை. "அப்பறம் அவர பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. கேஜ்ல ஏறி வரசொல்ல பாத்தேன். அந்த லெவல் வாசல்ல லைட்ட ஆட்டிகினு நின்னாரு. கேஜ் நெறஞ்சி இருந்திச்சி, நிக்கல, வந்துட்டோம்."

"பிளாஸ்டுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்னதாம்மா! இப்ப ஏறி வந்தமே, இப்ப!"

"லைட்ட ஆட்டனாரா?"

"ஆட்டனாரு."

"அவரே ஆட்டனாரா?"

"பின்ன லைட்டு தானா ஆடுமா? உடு தாயி, துண்டு கியியப் போவுது."

சுற்றி நின்ற பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் சிரிப்பா என்று உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு அவர்களும் கம்பிக்குள் கையை விட்டு அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள்: எங்கேந்து சொல்றீங்க, முன்னயா பின்னயா.

எங்கேயிருந்து. எப்போது. ஒரே பொருளில், ஒரே நேரத்தில். சிவப்பு மை வட்டத்துக்குள் கிடந்த அந்த நான்கு சொற்களை என் அண்ணி கம்பிக் கதவில் நின்று, கீரைக்கறை படிந்த கையோடு, தன் வாயால் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவளுக்கு அவை தேவைப்பட்டன. எனக்கு மார்க்குக்குத்தான் தேவைப்பட்டன.

சக்கரம் இன்னொரு முறை நின்றது. இன்னொரு முறை திரும்பியது. இரண்டாவது கேஜிலும் அண்ணன் இல்லை. மூன்றாவதில், கடைசி ஆளாக, தலையைக் குனிந்து வெளியே வந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் பார்க்காமல் நேராக டோக்கன் அறைக்குப் போனான். அப்படித்தான் பழக்கம், டோக்கன் மாட்டாமல் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். பித்தளை ஆணியில் மோதும் சத்தம், 'டிங்' என்று ஒன்று. எனக்குத் தெரிந்த சங்கீதத்தில் அதற்கு மேல் எதுவும் கிடையாது.

அன்று எல்லா ஆணியும் நிறைந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிறையவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. வேறொரு லைனில் ஒரு வீட்டுக்கு அண்ணி சோறு எடுத்துக்கொண்டு போனாள், போய்விட்டு வந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அண்ணன் திரும்பி வந்ததற்கு நன்றி என்று சொல்லும்போதெல்லாம் இதுவும் குறுக்கே வந்து நிற்கும். நிற்கட்டும். அதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்தான். எங்கள் மனதில் அவன் செத்துப் பிழைத்த கதையை அண்ணி சொல்லச் சொல்ல அவனுக்குப் பாதி கோபம், பாதி சிரிப்பு.

"மேல போயிட்டாருன்னு சொன்னா அழுவீங்களா? மேல போறதுக்குத்தான இத்தினி பாடு படறோம்!"

"நீங்க இனிமே மேல வாங்க. போவாதீங்க" என்றாள் அண்ணி.

அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாயிற்று. மேல போயிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. மாடிக்குப் போனவர்களைக்கூடச் சொல்லக் கூடாது என்றாள், லைன் வீட்டில் மாடியே இல்லை என்றாலும்.

செப்டம்பர் தேர்வில் முரண்பாட்டு விதியைத்தான் கேட்டிருந்தார்கள். நான் முதலில் அந்த நான்கு சொற்களை எழுதினேன். பிறகுதான் விதியின் மற்ற பகுதியை எழுதினேன். எடுத்துக்காட்டுக்குக் கிரேக்கரைத் தொந்தரவு செய்யவில்லை. பாஸானேன், மயிரிழையில். அண்ணன் கேள்விப்பட்டுவிட்டு, "நடுவுல ஒண்ணும் இல்லன்னாங்க, இவ நடுவுலயே பாஸாயிட்டா" என்றான்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ எழுதினேன், எத்தனையோ சண்டை போட்டேன். வீட்டில், பத்திரிகை அலுவலகத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் 'பயப்பட ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு நடந்தபோது. சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடவோ உடைந்துவிடவோ துடிக்கிற புத்தி என்னுடையது. அப்போதெல்லாம் உள்ளே ஒரு கை வந்து துண்டைப் பிடித்து இழுக்கும். எங்கேந்து சொல்றீங்க? முன்னயா, பின்னயா? அதற்குப் பதில் வரும்வரை நான் அழுவதில்லை. எனக்கு வந்த படிப்பு இவ்வளவுதான். அதைக் கொடுத்தவளுக்கு நான் கொடுத்தது, தினமும் காலையில் செத்துக்கொண்டிருந்த ஒரு கிரேக்கரை.

அடுத்த வருடம் பெங்களூரில் பி.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. அப்பா பேச்சு மாறவில்லை. கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அண்ணிதான் வழியனுப்ப வந்தாள். அண்ணன் டே ஷிப்டில், கீழே. இடுப்பில் மூன்று மாதக் குழந்தை, கையில் எனக்கான புளிசாதப் பொட்டலம். அங்கிருந்து சாஃப்ட் கோபுரம் தெரியும். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே, கண்ணின் ஓரத்தில் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுழன்றுகொண்டுதான் இருந்தது.

மாரிகுப்பத்திலிருந்து ரயில் வந்தது. அதில் ஏறினால் பங்காரப்பேட்டை, அங்கே மாறினால் பெங்களூர். பிறகு லீவுக்கு லீவு வந்தேன், அண்ணன் பென்ஷன் வாங்கிய பிறகும் வந்தேன். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணாக அங்கிருந்து கிளம்பியது அந்த ஒரு காலைதான். ஜன்னலோரம் இடம் பிடித்து, பொட்டலத்தை மடியில் வைத்து, கையை வெளியே நீட்டி அவள் கையைப் பிடித்தேன். நன்றி என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் லைனில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரயில் அசைந்தது.

"வரேன் அண்ணி."

அவள் கையை விடாமல் இரண்டடி கூடவே நடந்தாள். "போறவ வரேன்றா பாரு. இதான் லாஜிக்ல பாஸான லட்சணமா? எங்கேந்து சொல்ற?"

"பெங்களூர்லேந்து அண்ணி."

"அப்ப செரி. வா."